அயல்நாடு செல்வோரும் பிள்ளைகளின் பள்ளியும்

மும்பையிலிருந்து துபாய்க்கு மாற்றலாகும் நம்மவர்கள் முதலில் கேட்பது, "அங்கே நல்ல பள்ளி எது?" என்பதுதான். அதற்கும் முன்னால் தீர்மானிக்க வேண்டியது ஒன்றுண்டு. பிள்ளை கல்லூரிப் படிப்பை எந்த நாட்டில் படிக்கப் போகிறது? சந்தை தெரியாமல் சரக்கு எடுப்பாருண்டோ!

இந்தியா திரும்புவதாயின் அங்குள்ள சி.பி.எஸ்.இ. பள்ளிகளே சௌகரியம். இங்கே போல ஏப்ரலில் தொடங்கும். ஆங்கிலேயப் பாடத்திட்டப் பள்ளிகளோ கோடை விடுமுறை கழிந்துதான் தொடங்கும். ஆனால் சி.பி.எஸ்.இ.யில் தேர்வுக்கான பெயர்ப்பதிவு 9, 11ஆம் வகுப்புகளிலேயே ஆகிவிடுகிறது. 10, 12இல் புதிதாய்ச் சேர்வதற்குக் கட்டுப்பாடுகள் அதிகம். ஆகவே 9க்கு முன்போ, 10 முடிந்த கையோடோ போவதே உத்தமம்.

1968இல் ஜெனீவாவில் தோன்றிய ஐ.பி. அமைப்பின் பெயருக்கு இப்போது பெரிய மவுசு. அதன் டிப்ளமோவில் 6 பாடங்கள். வழக்கமான தேர்வுமுறையில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் ஒருசேர எடுக்க இயலாது. தனி அனுமதி வாங்கணும். 'நீட்' எழுதி டாக்டராக நினைக்கும் பெண்ணுக்கோ அம்மூன்றும் வேண்டும். இதைச் சேர்க்கிற அன்றைக்கே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு வருஷம் கழித்துத் தெரிந்து என்ன பயன்?

கம்பெனி தரும் கல்விப்படி எத்தனை பிள்ளைகளுக்கு, எந்த வகுப்புவரை என்பதை எழுத்தில் வாங்குவதும் அவசியம்.

தமிழைப் பற்றியும் கேளுங்கள். சிங்கப்பூர் அரசுப் பள்ளிகளில் தமிழ் தாய்மொழிப் பாடமாகவே உண்டு. துபாயில் அது பள்ளிக்குப் பள்ளி மாறும். இங்கே இந்தியும் மராத்தியும் படித்த நம் பிள்ளைக்கு, தமிழ் எழுத்து அங்கேதான் முதன்முதலாகக் கிடைக்கக்கூடும்.