ஷெட்டில் நிற்கும் காருக்குள் துரு

சரக்கில் ஈரம் தட்டாமல் காப்பதற்கு நம் வணிகர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பருப்பு மூட்டையை வெறும் தரையில் போடாமல் கட்டை வைத்துத்தான் அடுக்குகிறோம். ஆனால் பல லட்சம் முதல் போட்டு வாங்கிய காரை மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும்போது அந்த அக்கறையை நாம் காட்டுவதில்லை. சீசன் முடிந்ததும் ஓரங்கட்டப்படும் இரண்டாவது வண்டி, வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும்போது ஆறு மாதம் பூட்டிக் கிடக்கும் கார் எல்லாம் நம்மிடையே சகஜம். 2020 மார்ச் 25-ல் தொடங்கிய ஊரடங்கில் ஓடாமல் நின்ற வண்டிகளைச் சொல்லவே வேண்டாம்.

எஞ்சின் துருப்பிடித்து இறுகிவிட்டால் இன்ஷூரன்ஸ் கைகொடுக்காது. வழக்கமான மோட்டார் பாலிசியில் தேய்மானத்துக்கும் இயந்திரக் கோளாறுக்கும் இழப்பீடு இல்லை. செலவு முழுவதும் நம் கல்லாவிலிருந்துதான் போகவேண்டும்.

ஓடாத எஞ்சினுக்குள் துரு எப்படி வருகிறது? எஞ்சினை எந்த நிலையில் நிறுத்தினாலும் ஏதாவதொரு சிலிண்டரில் வால்வு திறந்தே இருக்கும். அந்த வழியாக ஈரக்காற்று உள்ளே போகும். சிலிண்டர் சுவரில் படிந்திருந்த ஆயில் சில வாரங்களில் வழிந்து கீழே இறங்கிவிடும். அதன்பின் வெறும் இரும்பும் ஈரமும்தான். பிஸ்டன் ரிங் நின்ற இடத்திலேயே துரு பற்றி, சுவரோடு ஒட்டிக்கொள்ளும். தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றும் சேர்வதால் அங்குள்ள உறுப்பினர்கள் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும்.

இதற்குப் பரிகாரமாக நம்மவர்கள் செய்வது ஒன்றுண்டு. கடைப் பையனிடம் சாவியைக் கொடுத்து, "தினம் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி வை" என்பார்கள். பாட்டரிக்கு நல்லது என்று நினைக்கிறார்கள். எஞ்சினுக்கோ அது கெடுதல். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. நெடுந்தூரம் ஓடி எஞ்சின் நன்றாகச் சூடானால் அந்த ஆவி வெளியேறிவிடும். ஐந்து நிமிடத்தில் அணைத்தால் எஞ்சினுக்குள்ளும் சைலன்சரிலும் நீராகத் தங்கி, ஆயிலோடு கலந்து அமிலமாகி அரிக்கும். ஐந்து நிமிட ஓட்டத்தில் பாட்டரிக்கும் செல்ப் எடுத்துக்கொண்டது முழுமையாகத் திரும்பக் கிடைப்பதில்லை. ஓட்டுவதென்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் சாலையில் ஓட்டச் சொல்லுங்கள். அதற்கு ஆளில்லையென்றால் தொடாமலே விட்டுவிடுவது மேல்.

பல மாதம் நிறுத்தப்போகும் வண்டிக்கு, முதலில் ஆயிலையும் பில்டரையும் மாற்றிவிடவேண்டும். "ஓடாத வண்டிக்குப் புது ஆயில் எதற்கு?" என்று கணக்குப் பார்க்கத் தோன்றும். பழைய ஆயிலில் அமிலமும் ஈரமும் இருக்கின்றன. அதை உள்ளே விட்டு மாதக்கணக்கில் ஊறவைப்பதுதான் நஷ்டம். மாற்றியபின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டி, புது ஆயில் எல்லா இடத்திலும் படியச் செய்யவேண்டும். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்தால் வடித்துவிட்டு, துருத்தடுப்பு உள்ள கூலன்ட் நிரப்புங்கள். டாங்கை நிறைத்து வைத்தால் ஈரக்காற்றுக்கு இடமிருக்காது. பெட்ரோலில் 20 சதம் வரை எத்தனால் கலக்கும் இந்நாளில் இது இன்னும் முக்கியம். எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

எஞ்சின் ஆறியபின் மெக்கானிக்கைக் கொண்டு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு, எஞ்சினைக் கையால் இரண்டு மூன்று சுற்று சுற்றி, பிளக்கைத் திரும்ப மாட்டவேண்டும். தாராளமாக ஊற்றினால் நல்லது என்று எண்ணவேண்டாம். ஆயில் அமுங்காது, தேங்கி நிற்கும்போது செல்ப் அடித்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். டீசல் வண்டியில் இந்த வேலைக்குக் கம்பெனி சர்வீஸ்காரரே சரி.

பிறகு ஏர் பில்டர் வாயையும் சைலன்சர் வாயையும் பாலிதீன் சுற்றிக் கட்டுங்கள். ஈரத்தோடு எலியும் உள்ளே போகாது. பாட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். ஹாண்ட் பிரேக் போட்டே வைத்தால் பிரேக் ஒட்டிக்கொள்ளும். கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தால் போதும். மேலே தார்ப்பாயை இறுக்கிப் போர்த்தினால் புழுக்கத்தில் உள்ளேயே வியர்க்கும். காற்றுப் புகும் துணி உறைதான் ஏற்றது.

திரும்ப எடுக்கும் நாளில் அவசரம் கூடாது. கட்டிய பாலிதீனை எல்லாம் முதலில் அவிழ்க்கவேண்டும். பெட்ரோல் பம்ப் ப்யூஸையும் இக்னிஷன் காயில் இணைப்பையும் எடுத்துவிட்டு, பிளக்குகளைக் கழற்றி, முதலில் கையால் சுற்றிப் பார்த்து, சுற்றினால் மட்டும் செல்ப் அடித்து மிச்ச ஆயிலை வெளியேற்றவேண்டும். எல்லாம் மாட்டியபின் முதல் ஸ்டார்ட்டில் சைலன்சரிலிருந்து வெண்புகை வரும். உள்ளே விட்ட ஆயில் எரிகிறது. சிறிது நேரத்தில் நின்றுவிடும். எதைக் கட்டினோம், எதைக் கழற்றினோம் என்று ஓர் அட்டையில் எழுதி ஸ்டியரிங்கில் தொங்கவிட்டுப் போனால், நாம் ஊரில் இல்லாத நேரத்தில் யாரும் தெரியாமல் சாவி போடமாட்டார்கள்.