பின்தங்கியவனுக்கு ஒரு சக்கரம்

ஞாயிற்றுக்கிழமை வைகறையில் கிழக்குத் தாம்பரத்திலிருந்து புறப்பட்டு, மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக அக்கரை சென்று கிழக்குக் கடற்கரைச் சாலையை அடைவோர், தெற்கு நோக்கி அணியணியாக விரையும் மிதிவண்டிகளைக் கண்டிருப்பர். தலைக்கவசம் அணிந்த இளைஞரும் நடுவயதினரும் ஒருவர் பின் ஒருவராக, முன் சக்கரம் அடுத்தவரின் பின் சக்கரத்தைத் தொட்டுவிடுமோ என்று நாம் அஞ்சுமளவு நெருங்கிச் செல்வர். இத்தனை அகன்ற சாலையில் ஏன் இப்படி ஒட்டிக்கொண்டு போகிறார்கள்? இக்கேள்விக்குரிய விடையில்தான் மிதிவண்டிப் பந்தயத்தின் உயிரே அடங்கியிருக்கிறது.

காற்று என்னும் எதிராளி

சமதளச் சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டருக்குமேல் செல்பவன் செலவிடும் ஆற்றலில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதிலேயே போய்விடுகிறது. வேகம் இரு மடங்கானால், காற்றை வெல்லத் தேவையான திறன் எட்டு மடங்காகிறது. ஆனால் முன்னே செல்பவனின் முதுகுக்குப் பின்னால் நெருங்கி வருபவனுக்கு, ஏறத்தாழ கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை உழைப்பு மிச்சமாகிறது. ஆகவே தனியே சென்று களைப்பதைவிட, ஐந்து பேர் முறைவைத்து முன்னே வந்து, சிறிது நேரம் காற்றைத் தாங்கி, பின் விலகிக் கடைசிக்குச் சென்று இளைப்பாறுவதே அறிவுடைமை. பக்கவாட்டில் காற்று அடித்தால், வரிசை சாய்வாக மாறவேண்டும். தெற்கே செல்லும்போது இடப்புறக் கடலிலிருந்து காற்று வருமானால், முன்னவனுக்கு வலப்புறம் சற்றுப் பின்தங்கியிருப்பவனுக்கே மறைவு கிட்டும். எனினும் சாலையின் அகலம் முழுவதும் பந்தயக்காரனுக்கு உரியதன்று. பேருந்தும் லாரியும் செல்லும் வழியில் அவ்வாறு பரவுதல் உயிருக்கே உலையாகும்.

ஓர் அணியில் எல்லாரும் வெல்வதற்காக ஓட்டுவதில்லை. கடைசி இருநூறு மீட்டரில் பாயும் வேகமுள்ள ஒருவனை அதுவரை காற்றுப் படாமல் காத்துச் செல்வதே மற்றவர்களின் கடமை. வெற்றிக்கோட்டில் கைதூக்குபவன் ஒருவன். அக்கையைத் தூக்கிவிட்டவர் நால்வர்.

நாங்கள் கற்ற பாடம்

இவ்வுண்மையை நாங்கள் ஏட்டில் அல்ல, சாலையில் கற்றோம். தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பகுதிகளைச் சேர்ந்த நாங்கள் ஐவர், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதக் காலையில் சிறியதொரு பந்தயத்தில் கலந்துகொண்டோம். உத்தண்டியில் புறப்பட்டு, மாமல்லபுரத்தை நெருங்கித் திரும்பி, மீண்டும் உத்தண்டியை அடைய வேண்டும். எங்களுள் இளையவன் வேகக்காரன். மூத்தவரை அண்ணன் என்றே அழைப்போம். கடைசல் பட்டறையில் பணிபுரிபவர். பாயத் தெரியாது, ஆனால் சளைக்காமல் காற்றைத் தாங்குவார்.

முட்டுக்காட்டுப் பாலத்தைக் கடந்ததும் அண்ணனின் பின் சக்கரம் பஞ்சர் ஆயிற்று. அவர் கையை உயர்த்திக் காட்டிவிட்டு ஓரங்கட்டினார். நாங்கள் நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒருவரும் நிற்கவில்லை. வாடைக்காற்று முதுகைத் தள்ளிக்கொண்டிருந்தது, மிதிப்பது எளிதாயிருந்தது, அவர் இல்லாமலே வென்றுவிடலாம் என்று எண்ணினோம்.

திரும்பும் இடத்தில் அந்த எண்ணம் உடைந்தது. அதுவரை துணைவந்த வாடை இப்போது முகத்தில் அறைந்தது. எங்களுள் இருவர் கோவளம் வருமுன்பே களைத்துப் பின்தங்கினர். காக்கப்படவேண்டிய இளையவன் தானே முன்னின்று காற்றைத் தாங்க நேர்ந்தது. கடைசிப் பாய்ச்சலுக்கு அவன் கால்களில் வலுவில்லை, ஏழாவதாக வந்தான்.

நெடுநேரம் கழித்து, எதிர்க்காற்றில் தன்னந்தனியே மிதித்துக்கொண்டு அண்ணன் வந்து சேர்ந்தார். சாலையோரத்தில் அமர்ந்து டியூப் மாற்றிய கறை அவர் கைகளில் இருந்தது. எங்களைக் குறைகூறுவார் என்று தலைகுனிந்து நின்றோம். அவரோ, "தம்பி எத்தனையாவது வந்தான்?" என்று மட்டும் கேட்டார். அன்று எங்களைச் சுட்ட அளவுக்கு வேறெந்தத் தோல்வியும் எங்களைச் சுட்டதில்லை.

பெரிய பந்தயங்களில் அணியின் பின்னே கார் வரும். அதில் மாற்றுச் சக்கரமும் பழுதுபார்ப்பவரும் இருப்பர். தலைவன் விழுந்தால் துணைவர் நிற்பர்; துணைவன் விழுந்தால் அணி நிற்காது. இது அங்குள்ள வழக்கம். ஆனால் காரும் ஆளும் இல்லாத எங்களைப் போன்றோர்க்கு, அணி என்பது அந்த ஐவர் மட்டுமே. நால்வரும் இரண்டொரு நிமிடம் நின்று, ஒருவர் டியூபைச் செருக, மற்றவர் பம்பு அடித்திருந்தால், ஐவராகத் திரும்பியிருப்போம். வென்றிருப்போமா என்பது வேறு. தோற்றிருந்தாலும் நிமிர்ந்து தோற்றிருப்போம்.

சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்தவன்

1934ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டைச் சுற்றிவரும் புகழ்பெற்ற பந்தயத்தில் ரெனே வியெத்தோ என்னும் இருபது வயது இளைஞன் மலையேற்றத்தில் எல்லாரையும் வியக்கவைத்தான். பிரனீஸ் மலைச்சரிவில் அவன் அணித்தலைவர் அந்தோனன் மாஞ் விழுந்து, முன் சக்கரம் உடைந்தது. வியெத்தோ தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, உதவி வண்டி வரும்வரை சாலையோரச் சுவரில் அமர்ந்து கண்ணீர் விட்டான். அடுத்த நாளும் தலைவரின் வண்டி பழுதானபோது, முன்னே சென்றுகொண்டிருந்தவன் மலைப்பாதையில் திரும்பி வந்து தன் வண்டியையே கொடுத்தான். மாஞ் வாகை சூடினார். வியெத்தோ ஐந்தாமிடம் பெற்றான். பின்னர் ஒருபோதும் அவன் அப்பந்தயத்தை வெல்லவில்லை. எனினும் அவ்வாண்டைப் பற்றிப் பேசுவோர் வென்றவரைவிட அவனையே முதலில் நினைக்கின்றனர். அவன் அழுதான் என்பதையும் நாம் மறக்கலாகாது. விட்டுக்கொடுப்பது வலிக்கும்; வலித்தும் கொடுத்ததே அவன் பெருமை.

நிறுத்தத் தெரிதலும் துணைமையே

ஆனால் அணிப்பற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. 1960 முதல் 1992 வரை ஒலிம்பிக்கில் நால்வர் அணிக்கான 100 கிலோமீட்டர் நேரப் பந்தயம் இருந்தது. மூன்றாவதாக வருபவரின் நேரமே அணியின் நேரம். ஆகவே மூவராவது முடித்தாக வேண்டும். 1960 ஆகஸ்ட் 26 அன்று ரோமில் வெயில் ஏறத்தாழ 40 பாகையை எட்டியிருந்தது. டென்மார்க் அணியில் ஒருவர் வெப்பம் தாங்காது விலகினார். எஞ்சிய மூவருள் க்னூட் எனமார்க் யென்சன் என்பவருக்குத் தலைசுற்றியது. தோழர்கள் இருபுறமும் தாங்கிப் பிடித்து, நீர் தெளித்து, அவரைத் தொடரச் செய்தனர். பிடி விட்டபோது அவர் சரிந்து விழுந்தார். தலை தரையில் மோதியது. அன்றே உயிர் நீத்தார். வயது இருபத்துமூன்று. அவர் ஊக்கமருந்து உட்கொண்டிருந்தார் என்றும் பேசப்பட்டது. அதுபற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் விலகமுடியாதபடி அவரைக் கட்டியிருந்தது அந்த மூவர் கணக்கு என்பதில் ஐயமில்லை. தோழனைத் தாங்கிப் பிடிப்பது அன்பு. சில வேளைகளில் அவனை இறங்கச் சொல்வதே பேரன்பு.

பெற்றோர்க்குச் சில சொற்கள்

நம் பிள்ளைகளுக்கும் இது தொலைவான செய்தியன்று. அறிஞர் அண்ணா பெயரால் மாவட்டந்தோறும் நடத்தப்படும் பள்ளி மாணவர்க்கான மிதிவண்டிப் போட்டியில், 13 வயதுக்குட்பட்ட மாணவர் 15 கிலோமீட்டரும் மாணவியர் 10 கிலோமீட்டரும் ஓட்டுகின்றனர். மூத்த பிரிவினர்க்கு மாணவர்க்கு 20, மாணவியர்க்கு 15 கிலோமீட்டர். அதற்கு விலையுயர்ந்த கியர் வண்டி தேவையில்லை; இந்தியாவில் செய்த சாதாரண மிதிவண்டியே போதும். முதல் நாளே டயரில் முள்ளோ கண்ணாடித்துண்டோ பதிந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பிரேக் கட்டையைச் சரிபாருங்கள். நீரும் தலைக்கவசமும் இன்றி அனுப்பாதீர்கள். வெயிலில் தலைசுற்றினாலோ உடல் சிலிர்த்தாலோ உடனே இறங்கி நிழலுக்குச் செல்ல வேண்டும் என்றும், அது அவமானமன்று என்றும் சொல்லி வையுங்கள். வீடு திரும்பியதும், "எத்தனையாவது வந்தாய்?" என்று கேட்குமுன், "விழுந்தவர் யாராயினும் இருந்தனரா? நீ என்ன செய்தாய்?" என்று கேளுங்கள்.

எங்கள் ஐவரிடையே இப்போது ஒரு விதி உண்டு. எவருடைய சக்கரம் பழுதானாலும் அனைவரும் நிற்போம். அதனால் சில பந்தயங்களை இழந்திருக்கிறோம். ஆனால் கடந்த தை மாதத்தில் பஞ்சர் ஆனது இளையவனின் சக்கரம். முதலில் இறங்கியவர் அண்ணன்.