பட்டறைப் பாடம் – 9: லேத்துக்கு முதல் செலவு எது?

சின்ன லேத் வாங்கியவர்கள் பெரும்பாலும் சில மாதங்களில் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். இரும்பைச் சீவுகிறது, சுருள் விழுகிறது, ஆனால் நினைத்த அளவு மட்டும் வருவதில்லை. கம்பியின் ஒரு முனை சரியாக இருந்தால் மறு முனை பருத்துவிடுகிறது. திருப்பிப் பிடித்தால் மையம் விலகிவிடுகிறது. உடனே கை பர்ஸுக்குப் போகிறது: புது டூல் போஸ்ட், கார்பைட் டூல் செட், இன்னும் பெரிய சக். இந்த வரிசையே தலைகீழ் என்பதுதான் இந்த வாரப் பாடம். சின்ன லேத்துக்குச் செய்ய வேண்டிய முதல் செலவு அளவுக் கருவி. அடுத்தது டூலின் முனை. மெஷினை மாற்றுவதோ மேம்படுத்துவதோ கடைசி. பண நெருக்கடிக்காகச் சொல்லும் சிக்கன யோசனை அல்ல இது. பிழை எங்கே பிறக்கிறது என்று தேடிப் பார்த்தால் வேறு முடிவுக்கு வர வழியில்லை.

திருச்சி மாவட்டம் லால்குடியில் ஒருவர் வீட்டுக் கொட்டகையில் சின்ன லேத் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கொள்ளிடக் கரைப் பாசன ஊர். மோட்டாரும் டிராக்டரும் அறுவடை இயந்திரமும் ஓடும் வட்டாரம். பொழுதுபோக்காக எஞ்சின் மாடல் செய்பவரிடமும் பக்கத்து வயல்காரர் ஒரு தேய்ந்த ஷாஃப்டோடு வந்து நிற்பார். அதில் ஏற வேண்டியது மோட்டார்களில் சாதாரணமாகக் காணப்படும் 6205 பேரிங். உள்விட்டம் 25 மில்லிமீட்டர். ஷாஃப்டுக்கு வழக்கமாகத் தரும் கே6 பொருத்தப்படி, அதன் விட்டம் 25.002-க்கும் 25.015-க்கும் நடுவில் இருக்க வேண்டும். அனுமதித்த இடைவெளி மொத்தம் 0.013 மில்லிமீட்டர். பல பட்டறைகளில் கையிலிருக்கும் வெர்னியரின் மிகச் சிறிய கோடே 0.02. அதாவது, அந்த வெர்னியரால் இந்த வேலை சரியா தப்பா என்று சொல்லவே முடியாது. 0.01 படிக்கும் மைக்ரோமீட்டரும் இதற்குப் போதாது, 0.001 வரை படிப்பது வேண்டும். இந்த நிலையில் லேத்தை எவ்வளவு மேம்படுத்தினாலும், மேம்பட்டதா என்று தெரிந்துகொள்ளும் கண் நம்மிடம் இல்லை.

கடைசல் தொழிலின் வரலாறும் இதே வரிசையில்தான் நடந்திருக்கிறது. 1800 வாக்கில் லண்டனில் திருகு வெட்டும் லேத்தை நம்பகமான மெஷினாக்கிய ஹென்றி மோட்ஸ்லி, தன் பட்டறையில் ஒரு மேசை மைக்ரோமீட்டர் வைத்திருந்தார். அளவில் தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்வது அந்தக் கருவிதான் என்பதால் அதற்கு 'லார்ட் சான்சலர்' என்றே பெயர். அவர் பட்டறையில் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த், ஓர் அங்குலத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைக் காட்டும் அளவு மெஷினை 1851 லண்டன் கண்காட்சியில் வைத்தார். அளக்கும் திறன் வளர்ந்த அளவுக்குத்தான் கடையும் திறனும் வளர்ந்தது. இதற்குச் சாட்சி தேடி நாம் லண்டன் வரை போகவும் வேண்டாம். நாகப்பட்டினத்திலிருந்து திருச்சி பொன்மலைக்கு 1928-இல் இடம் மாறிய ரயில்வே பணிமனை, நீலகிரி மலை ரயிலுக்குப் புது நீராவி எஞ்சின்களையே கட்டித் தந்திருக்கிறது. சுவிட்சர்லாந்தில் பிறந்த ஒரு பழைய வடிவமைப்பைத் திருச்சியில் மறுபடி உருவாக்குவதென்றால், ஒவ்வொரு உருப்படியும் வரைபட அளவோடு ஒத்துப் போக வேண்டும்.

வீட்டு லேத்துக்கு அளவு என்ன செய்யும் என்பதை ஒரு சோதனையில் பார்க்கலாம். 25 மில்லிமீட்டர் கம்பியைச் சக்கில் இறுக்கி, 100 மில்லிமீட்டர் வெளியே நீட்ட வேண்டும். டெயில் ஸ்டாக் தாங்கல் கூடாது. நடுப்பகுதியைச் சற்றுக் குறைத்துவிட்டால் இரு முனைகளிலும் இரண்டு வளையங்கள் நிற்கும். கிராஸ் ஸ்லைடைத் தொடாமல், கூரான டூலால் இரண்டிலும் ஒரே மெல்லிய சீவு சீவி, மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். வெளி முனை 0.02 பருத்திருந்தால், டூல் போகும் பாதை அந்த நீளத்துக்குள் மையக்கோட்டிலிருந்து 0.01 விலகுகிறது என்று பொருள். மெஷினை மேசையில் இறுக்கும்போது பெட் முறுக்கிக்கொள்வது இதற்கு ஒரு பொதுவான காரணம். டெயில் ஸ்டாக் பக்கத்தின் முன் காலுக்கு அடியில் மெல்லிய தகடு வைத்து மறுபடி சீவினால் வித்தியாசம் குறையும். ஒரு துண்டுத் தகட்டில் தீரும் குறைக்கு, அளக்காதவர் புது ஹெட் ஸ்டாக் தேடுவார்.

இனி டூல். சின்ன மெஷினில் பிழையின் பெரும்பங்கு வளைவிலிருந்து வருகிறது. அதைக் கணக்கிட்டே பார்க்கலாம். 10 மில்லிமீட்டர் இரும்புக் கம்பி 60 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்க, அதன் நுனியைப் பத்துக் கிலோ எடைக்குச் சமமான விசையில் டூல் தள்ளினால், நுனி சுமார் 0.07 மில்லிமீட்டர் வளையும். விட்டத்தில் அது 0.14-க்கும் மேல். நீட்டலைப் பாதியாக்கினால் வளைவு எட்டில் ஒன்றாகிவிடும். டூல் போஸ்டுக்கு வெளியே நீளும் டூலுக்கும் இதே விதிதான். ஆகவே டூலைக் குட்டையாகப் பிடிப்பதும் தள்ளும் விசையைக் குறைப்பதும் காசில்லாமல் கிடைக்கும் துல்லியம். விசையைக் குறைப்பது கூர்மை. கனத்த மெஷினுக்காகச் செய்த கார்பைட் முனைகளில் பல, உடையாமலிருக்க விளிம்பு மழுக்கப்பட்டவை, 0.02 ஆழத்துக்கு அவை வெட்டுவதைவிடத் தேய்ப்பதே அதிகம். கல்லில் தீட்டிய எச்எஸ்எஸ் டூல் அந்த மெல்லிய சீவையும் சுத்தமாக எடுக்கும். முனை மைய உயரத்தில் நிற்கிறதா என்று பார்க்க, உருளைக் கம்பிக்கும் டூல் முனைக்கும் நடுவே ஒரு எஃகு ஸ்கேலை லேசாக நெருக்கினால் போதும். ஸ்கேலின் தலை நம் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்வு. கம்பிப் பக்கம் சாய்ந்தால் உயரம்.

சூட்டையும் அளவின் கணக்கில் சேர்க்க வேண்டும். எஃகு ஒவ்வொரு டிகிரிக்கும் மீட்டருக்குச் சுமார் 11.5 மைக்ரான் விரியும். சீவிய சூட்டோடு, மைக்ரோமீட்டரைவிட 30 டிகிரி கூடுதலாக இருக்கும் 25 மில்லிமீட்டர் ஷாஃப்டை அளந்தால், ஆறிய பிறகு அது 0.0086 சுருங்கிவிடும். நமக்கு அனுமதித்த 0.013-இல் மூன்றில் இரண்டு பங்கு அங்கேயே போய்விட்டது. திருச்சி வெயிலே இதற்குக் காரணம் என்று சொல்வதில் பாதிதான் உண்மை. ஷாஃப்டும் மைக்ரோமீட்டரும் எஃகாக இருந்து, ஒரே சூட்டில் இருந்தால், பட்டறையின் வெப்பம் பெரிய தீங்கு செய்யாது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்து ஆறவிடும் பொறுமைதான் தேவை.

மறுப்புகள் உண்டு. தேய்ந்த மெஷினில் அளந்து என்ன பயன் என்பது முதலாவது. ஸ்பிண்டில் பேரிங் ஆடினால் எந்த அளவுக் கருவியும் அதைத் திருத்தாது. பேரிங்கை மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் ஆடுவது பேரிங்கா, ஸ்லைடின் ஜிப் தகடா, டூல் போஸ்டா என்று சொல்வது ஒரு டயல் கேஜ்தான். சக் ஓடுகிறது, அதாவது மையம் விலகிச் சுழல்கிறது என்பது இரண்டாவது. மலிவான த்ரீ ஜா சக் ஓடுவது சகஜம். ஒரே பிடிப்பில் வேலையை முடித்தால் அந்த ஓட்டம் வேலையைத் தொடாது. திருப்பிப் பிடித்தாக வேண்டுமென்றால், ஃபோர் ஜா சக்கில் டயல் கேஜைப் பார்த்துப் பார்த்து இறுக்கி 0.01-க்குள் கொண்டுவரலாம். சிஎன்சி வந்த காலத்தில் இதெல்லாம் எதற்கு என்பது மூன்றாவது. எடையுள்ள கேள்வியும் இதுதான். 1965 முதல் திருச்சியில் இயங்கும் பெல் (BHEL) தொழிற்சாலையையும் அதைச் சுற்றி வளர்ந்த துணைத் தொழில்களையும் வைத்துப் பார்த்தால், ஒரே உருப்படி நூறு வேண்டுமென்போர் சிஎன்சியிடம் போவதே நியாயம். ஆனால் தேய்ந்த ஷாஃப்ட் ஒன்றுதான். மாடல் எஞ்சினின் பிஸ்டனும் ஒன்றுதான். ஒற்றை உருப்படியின் வேலை, பக்கத்திலிருக்கும் சின்ன லேத்துக்கே உரியது.

நேரம் போகிறதே என்பார்கள். தவறிய ஒரு ஷாஃப்டை மறுபடி கடையும் நேரத்தில் இந்தச் சோதனைகள் எல்லாம் முடிந்துவிடும். நல்ல மைக்ரோமீட்டரை எல்லோராலும் தனித்தனியே வாங்க முடியாது என்பது உண்மை. அதற்கும் வழி உண்டு: லால்குடி அளவு ஊரில் நாலைந்து பட்டறைக்காரர்களும் ஆர்வலர்களும் சேர்ந்து ஒரு மைக்ரோமீட்டர், ஒரு டயல் கேஜ், ஒரு டெஸ்ட் பார் வாங்கி முறைவைத்துப் பயன்படுத்தலாம். பொன்மலையிலும் பெல்லிலும் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவர்கள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். அளக்கும் கையை இளையவர்களுக்குச் சொல்லித்தர அவர்களைவிடத் தகுந்தவர்கள் இல்லை. அந்தக் கை பழகிய பிறகு, லேத்துக்கு எதை வாங்குவது, எதை வாங்காமலே விடுவது என்பதை அளவே சொல்லிவிடும்.

(அடுத்த வாரம்: எச்எஸ்எஸ் டூலுக்குச் சாணை பிடிப்பது எப்படி?)