தூக்கக் களிம்பை நிறுத்துப் பார்ப்பது எப்படி?

மும்பையில் நாற்பது ஆண்டுகளாக நாட்டு மருந்துக்கடை நடத்திவருகிறேன். வருகிற இளவட்டங்கள் இப்போதெல்லாம் உள்ளங்காலில் தடவினால் தூக்கம் வருமாம் என்று மக்னீசியக் களிம்பு கேட்கிறார்கள். கல்லூரியில் படிக்கும் என் பேரனும் ஒரு டப்பா எடுத்துப் போனான். இரண்டு வாரம் கழித்து வந்து, "தாத்தா, இப்ப நல்லா தூங்கறேன், மனசும் லேசா இருக்கு. நீங்க தாராளமா விக்கலாம்" என்றான்.

எனக்கோ தயக்கம். எண்ணெய் நிறுக்கும்போது பாத்திரத்தின் எடையைக் கழிக்காமல் காசு வாங்கினால் அது மோசடி. பேரனுக்குத் தேர்வு முடிந்திருந்தது. களிம்பு தடவுவதற்காகப் பத்து மணிக்கே கைப்பேசியைக் கீழே வைத்தான். தூக்கம் வரும் என்று நம்பவும் செய்தான். இவையெல்லாம் பாத்திரத்தின் எடைதானே?

இதைக் கழிக்க ஆய்வாளர்கள் வழி வைத்திருக்கிறார்கள். நிறமும் பிசுபிசுப்பும் ஒன்றாக உள்ள, மருந்தில்லாத களிம்பு ஒன்றையும் தயாரிப்பார்கள். யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல் முடிவு செய்வார்கள். தடவுகிறவருக்கும் தெரியாது, கணக்கெடுப்பவருக்கும் தெரியாது. தூக்கத்தை அளக்க 1989-இல் வெளியான பிட்ஸ்பர்க் வினாத்தாள் உண்டு. மதிப்பெண் 0 முதல் 21 வரை. 5-ஐத் தாண்டினால் தூக்கம் சரியில்லை என்று பொருள். மனநிலைக்குத் தனி வினாத்தாள்கள் உண்டு. இரு சாராரும் ஒரே அளவு தேறினால், பலன் தந்தது பாத்திரமே ஒழிய சரக்கல்ல. லாவெண்டர் தைலம் என்றால் சோதிப்பது இன்னும் கடினம், வாசனையே காட்டிக்கொடுத்துவிடும்.

தோலின் மேலடுக்கு, நீரில் கரைந்த உப்புகளை எளிதில் உள்ளே விடாது. தடவிய மக்னீசியம் தூக்கம் தருமளவு இரத்தத்தில் சேர்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

"அப்ப நான் தூங்கினது பொய்யா தாத்தா?" என்றான் பேரன்.

"தூக்கம் மெய்தானப்பா. காரணம்தான் தெரியலை" என்றேன்.

காரணம் தெரியாமல் டப்பாவை நம்பியிருப்பதில் ஓர் ஆபத்து உண்டு. விடுதியில் தனியே இருக்கும் பிள்ளையின் மனச்சோர்வு அதன் பின்னே மறைந்துபோகலாம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் உற்சாகமும் கெட்டிருந்தால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம்.

கடையில் கேட்பவர்களிடம் இப்போது, "காலுக்கு இதம், தூக்கத்துக்கு உத்தரவாதமில்லை" என்று சொல்லித்தான் கொடுக்கிறேன். விற்பனை குறைந்துவிட்டது. அதனாலென்ன, தராசு நேராக நிற்கிறது.