சாரற் பயணம்

ஆனி மாதம் பிறந்ததும் தென்பாண்டிச் சீமையில் ஊர்தோறும் ஒரே பேச்சாக இருக்கும். "குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டதா? அருவியில் தண்ணீர் எப்படி?" என்று ஒருவரையொருவர் வினவுவர். நற்செய்தி கிட்டியதும் பயண ஏற்பாடுகள் தொடங்கிவிடும். முற்காலத்தில் அரிசி, பருப்பு, பாத்திரங்களை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு குடும்பம் குடும்பமாகச் சென்று, சத்திரங்களில் தங்கி, கூட்டாகச் சமைத்துண்டு, பல நாள் நீராடித் திரும்புவர். இன்று பள்ளி மாணவரும் தொழிலாளரும் நண்பர் குழாங்களும் பேருந்திலும் தொடர்வண்டியிலும் வந்து இறங்குகின்றனர். வண்டி மாறியதேயன்றிக் கட்டுச்சோற்று மூட்டை மாறவில்லை.

இவ்வாறு வருவோர் அனைவரும் அருவியைக் காண்கின்றனர். அவ்வருவியை அனுப்பிவைக்கும் காற்றை எண்ணிப் பார்ப்போர் சிலரே. தென்காசியையும் குற்றாலத்தையும் அறிந்துகொள்ள விரும்புவோர் முதலில் அறியத்தக்கது அக்காற்றின் வழியாகும்.

சூன் மாதத் தொடக்கத்தில் அரபிக்கடலினின்றும் நீராவி சுமந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று, மேற்குத்தொடர்ச்சி மலையின்மேல் மோதுகின்றது. மேலெழும்பிக் குளிர்ந்து, தான் கொணர்ந்த நீரின் பெரும்பகுதியைக் கேரளத்தின் பக்கமே கொட்டிவிடுகின்றது. ஆதலால் மலைக்குக் கிழக்கேயுள்ள நாடு மழை மறைவுப் பகுதியாய் அம்மாதங்களில் வறண்டு கிடக்கின்றது. ஆயினும், செங்கோட்டைக்கு மேற்கே மலை சற்றே தாழ்ந்து வழிவிடுகின்றது. அவ்விடம் ஆரியங்காவுக் கணவாய் எனப்படும். 1904ஆம் ஆண்டில் செங்கோட்டையையும் கொல்லத்தையும் இணைத்த இருப்புப்பாதை இக்கணவாயை ஒட்டியே மலையைக் கடந்தது. பாதை அமைத்தோர் தேடிக் கண்ட வழியை மேகங்கள் எத்தனையோ ஊழிகளுக்கு முன்னரே கண்டுகொண்டன. அவ்வழியே நுழையும் மேகம் மிச்சமிருக்கும் நீரைத் தூவிச் செல்வதே சாரல். ஒருபுறம் வெயில் எரிக்க மறுபுறம் பூந்தூறல் விழுவதும், நனைந்த ஆடை அடுத்த நாழிகையில் காற்றிலேயே உலர்ந்துவிடுவதும் அதனாலேயாம்.

தென்காசியில் வந்திறங்கும் குழுவினரை இக்காற்று காசி விசுவநாதர் கோவிலின் கோபுரவாயிலில் எதிர்கொள்கின்றது. மேல்காற்று வலுத்த நாளில் அங்கு நிற்போரின் ஆடைகள் படபடக்கும். உச்சிவேளையிலும் அவ்வாயிலில் இளைப்பாறுவோரைக் காணலாம்.

இக்கோவிலை 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எடுப்பித்தவன் பராக்கிரம பாண்டியன். மதுரையை இழந்த பாண்டியர்க்குத் தென்காசி தலைநகராயிருந்த காலம் அது. மாணவர் கற்கும் வெற்றிவேற்கையை இயற்றிய அதிவீரராம பாண்டியனும் பின்னாளில் இங்கிருந்து ஆண்டவனே. பராக்கிரமனின் கல்வெட்டுப் பாடல் ஒன்று இக்கோவிலில் உண்டு. வருங்காலத்தில் இக்கோவிலுக்கு ஏதேனும் குறை நேருமாயின், அதனை நீக்கிக் காப்பவர் எவராயினும் அவரை இன்றே உலகறியப் பணிவதாக அம்மன்னன் அதில் கூறுகின்றான். முடி சூடிய மன்னன் இன்னும் பிறவாத மனிதர்களை வணங்குவது, கல்வெட்டுகளில் எளிதிற் காணக்கிடையாத காட்சி. அவன் அஞ்சியவாறே குறையும் நேர்ந்தது. கோபுரம் சிதைந்து, பல தலைமுறை அந்நிலையிலேயே நின்றது. 1990ஆம் ஆண்டில் அது ஒன்பது நிலைகளோடு, ஏறக்குறைய 180 அடி உயரத்திற்கு, மீண்டும் எழுப்பப்பெற்றது. பாண்டியன் முன்கூட்டியே செலுத்திய வணக்கம் ஐந்து நூற்றாண்டு கழித்து உரியவரைச் சேர்ந்தது எனலாம்.

தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் இடையே உள்ள தொலைவு ஐந்து கிலோமீட்டர் அளவே. இடைவழியிலுள்ள மேலகரம், திருக்குற்றாலக் குறவஞ்சியை இயற்றிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். அதனைக் கடந்ததும் மூன்று முடிகளையுடைய திரிகூடமலை கண்முன் எழும். மலையின் உச்சிப்பகுதியில் தேனருவியாகத் தோன்றும் சிற்றாறு, செண்பகாதேவி அருவியாய் இறங்கி, சிற்றருவியைக் கடந்து, பேரருவியாய்ப் பாய்கின்றது. பேரருவியின் நீர் நேரே தரையில் வீழ்வதில்லை. பாறையிடுக்கிலுள்ள பொங்குமாங்கடல் என்னும் ஆழ்ந்த குடைவில் வீழ்ந்து, அங்கே தன் வேகத்தைத் தணித்துக்கொண்டு, பொங்கி வழிந்து கீழே வருகின்றது. அக்குடைவு இல்லையேல் அருவியின் அடியில் மனிதர் தலையை நீட்ட இயலாது. ஐந்தருவி, புலியருவி, பழைய குற்றால அருவி முதலியன வேறு வேறு இடங்களில் வீழ்கின்றன.

உடம்பில் எண்ணெய் தேய்த்து அருவியில் நிற்பது முன்னாளில் இங்கு வழக்கமாயிருந்தது. நீராடிப் பசி கிளர்ந்தபின் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிப்பது காலங்காலமாக நடப்பது. பொட்டலம் பிரியும் ஓசைக்காகவே குரங்குகள் கிளைதோறும் காத்திருக்கும். குறவஞ்சியில் குரங்குகளுக்கு இடம் கொடுத்த கவிராயர் அவற்றை அருகிருந்து அறிந்தவர் என்பதில் ஐயமில்லை.

நீராடியபின் பலர் அடுத்த அருவிக்கு விரைவர். சித்திரசபையைக் காணாமலே திரும்புவோரும் உளர். அஃது ஓர் இழப்பே. ஆடவல்லானுக்குரிய ஐந்து சபைகளுள் குற்றாலத்தது இது. ஏனைய சபைகளைப் போலன்றி, இங்கே ஆடும் பெருமான் சுவரோவியமாகவே வழிபடப்பெறுகின்றான். சுற்றுச்சுவர்களிலும் புராணக் காட்சிகள் தீட்டப்பெற்றுள்ளன. ஈரக்கையால் சுவரைத் தொடுவதும், பெயரைக் கீறுவதும், கல்லைவிட விரைவில் ஓவியத்தை அழித்துவிடும்.

அருவிக்கரையில் உயிரைக் காப்பதற்கும் காற்றின் வழியை அறிந்திருத்தல் வேண்டும். 2024ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் நாள் பழைய குற்றால அருவியில் மக்கள் நீராடிக்கொண்டிருந்தபோது, திடீரென வெள்ளம் பெருகிப் பாய்ந்தது. சாரற்பருவம் அப்போது தொடங்கவில்லை. மலைமேற் பெய்த கோடைமழையே கீழே வெள்ளமாயிற்று. பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் அதில் அடித்துச் செல்லப்பட்டு உயிர் நீத்தான்.

இத்தகைய வெள்ளம் எவ்வாறு நேர்கின்றது? மலைச்சரிவு செங்குத்தானது, பல இடங்களில் மண் மெல்லியது, வெறும் பாறையும் மிகுதி. சாரலாய் மெல்ல விழும் நீரைக் காடு உறிஞ்சிச் சிறிது சிறிதாக விடும். இடியுடன் கூடிய பெருமழையோ ஒரு நாழிகையில் கொட்டித் தீர்க்கும். அந்நீரெல்லாம் ஓடைகளின் வழியே ஒரே ஆற்றில் திரண்டு சில நிமிடங்களில் அருவியை அடைந்துவிடும். அடிவாரத்தில் நிற்பவர்மேல் ஒரு துளியும் விழுந்திராது. தலைக்கு மேலே வானம் நீலமாகவே இருக்கலாம். எனவே, நோக்க வேண்டுவது தலைக்குமேலுள்ள வானத்தை அன்று, மலைமுடியை. அங்கே கருமேகம் கவிந்திருப்பின் கரையேறல் நன்று. தெளிந்த நீர் கலங்கிச் செந்நிறமாதல், இலையும் சுள்ளியும் மிதந்து வருதல், அருவியின் ஓசை திடீரென மிகுதல் ஆகியன இறுதி அறிகுறிகள். அவற்றைக் கண்டபின் உடைமைகளைத் தேடி நிற்றலாகாது. பேரருவியில் அமைந்துள்ள பாதுகாப்பு வளைவைத் தாண்டி நீர் கொட்டும்போது காவலர் குளிக்கத் தடை விதிப்பர். நெடுந்தொலைவு வந்தும் நனையாமல் திரும்புவதா என்று அவர்களிடம் வாதிடும் குழுக்கள் உண்டு. வாதிடுபவர் அறியாத மழை ஒன்று மேலே பெய்துகொண்டிருப்பதைக் காவலர் அறிவர்.

கூட்டமாக வருவோர்க்கு இதில் இடர் மிகுதி. ஒருவர் பார்த்துக்கொள்வார் என்று மற்றொருவர் எண்ணுவதால், எவரும் பாராமற்போவதுண்டு. நீராடச் செல்லுமுன் தலைகளை எண்ணி, இருவரைக் கரையில் காவலாக நிறுத்தி, அவர்கள் குரல் கொடுத்ததும் அனைவரும் ஏறுவது என்று பேசி வைத்துக்கொள்ளும் குழுவே அச்சமின்றி நீராடும்.

காட்டைக் காண விழைவோரும் உளர். செண்பகாதேவி, தேனருவிப் பகுதிகள் வனத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ளமையால், இசைவின்றி அங்கே ஏறுவதும் கூடாரமடித்துத் தங்குவதும் கூடா. தெற்கே பாபநாசத்தை அடுத்து, 1988இல் அமைந்த களக்காடு - முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தினுள் செல்லும் சாலையில் மிளாவும் சிங்கவால் குரங்கும் கண்ணிற்படலாம். புலியைக் காணாது திரும்புவோரே மிகப் பலர்.

சாரல் தூவிய காற்று குற்றாலத்தோடு நின்றுவிடுவதில்லை. ஈரமிழந்து கிழக்கே வீசிச் சமவெளியைக் கடந்து கடற்கரையை நெருங்குகின்றது. திருச்செந்தூர்ப் பக்கம் தேரி எனப்படும் செம்மணற்காடுகள் இவ்வாறு வீசும் வறண்ட மேல்காற்று மணலை வாரிக் குவித்ததால் வளர்ந்தவை. குற்றாலத்தில் நீராடிய குழுக்கள் பல திருச்செந்தூருக்கும் செல்வது வழக்கமாதலின், காலையில் அருவியையும் மாலையில் தமிழகத்தின் சிறு பாலையையும் அவர்கள் கண்டுவிட முடிகின்றது. மேடும் பள்ளமுமாய்ச் சிவந்த மணல், இடையிடையே பனையும் முந்திரியும். நடந்த அடிச்சுவடு காற்றில் விரைவிலேயே தூர்ந்துவிடும். அம்மணற்காட்டின் நடுவே, மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த ஐயனார் கோவிலருகே, மணலினூடே இறங்கித் தங்கிய மழைநீர் நன்னீர்ச் சுனையாக ஊறிக்கொண்டிருக்கின்றது. பொங்கலிட வருவோர் அதன் கரையில் மரநிழலில் அமர்ந்து இளைப்பாறுகின்றனர்.