பத்து நாள் இட்ட முட்டைகள் ஒரே நாளில் பொரிவது எப்படி?

வட அமெரிக்கப் புல்வெளிகளில், குட்டைகளை ஒட்டிய புல்லுக்குள் மல்லார்ட் வாத்து கூடு கட்டுகிறது. நாளுக்கு ஒன்றாக ஒன்பது, பத்து முட்டைகள். முதல் முட்டைக்கும் கடைசி முட்டைக்கும் ஒரு வாரத்துக்கு மேல் இடைவெளி. ஆனால் குஞ்சுகள் ஏறக்குறைய ஒரே நாளில் வெளிவருகின்றன. எப்படி?

பாட்டி கோழியை அடை வைத்ததைப் பார்த்திருக்கிறீர்களா? தினமும் முட்டையை எடுத்துப் பத்திரப்படுத்தி, போதுமானது சேர்ந்ததும்தான் மொத்தமாக அடை வைப்பார். சூடு கிடைக்கும்வரை கரு வளராமல் காத்திருக்கும். வாத்தும் அப்படித்தான். கடைசி முட்டை வரும் சமயத்தில்தான் முழு மூச்சாக அடைகாக்கத் தொடங்கும். அதன்பின் சுமார் 28 நாள்.

பொரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே குஞ்சுகள் ஓட்டுக்குள்ளிருந்து குரல் கொடுக்கின்றன! காடை முட்டைகளில், பக்கத்து முட்டையின் ஒலி கேட்டுப் பின்தங்கிய குஞ்சு வேகம் பிடிப்பதைச் சோதனைகள் காட்டியுள்ளன.

ஏன் இந்த அவசரம்? ஈரம் உலர்ந்ததும் தாய் குஞ்சுகளைத் தண்ணீருக்கு அழைத்துப் போய்விடும். பிந்தியது அநாதை. நரி மோப்பம் பிடிக்கும் கூட்டில் தாயால் காத்திருக்க முடியாது, பாவம்.

உள்ளே கரு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதை ஆய்வாளர்கள் முட்டையை உடைக்காமலே கணிக்கிறார்கள். சிறு குழாயின் முனையில் முட்டையை வைத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தால், உள்ளே சிலந்தி போலப் பரவிய இரத்த நாளங்கள் தெரியும். அகன்ற முனையில் உள்ள காற்றறை நாளுக்கு நாள் பெரிதாகும். அதை வைத்தே பொரியும் நாளைச் சொல்லிவிடுகிறார்கள்.