ஆட்டுப்பால் பாலாடைக் கட்டியும் பாஸ்டர் முறையும்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் வெளியூர் மக்கள் திரள்வதும், அவர்களை நம்பிப் பலவகைப் பண்டங்கள் விலையாவதும் யாவரும் அறிந்ததே. அவர்களுக்கு ஆட்டுப்பாலில் பாலாடைக் கட்டி, அதாவது சீஸ், செய்து விற்கலாமா என்று ஆடு வளர்க்கும் அங்கத்தினர் சிலர் என்னிடம் வினவினார்கள். விற்கலாம், ஆனால் பாலைப் பாஸ்டர் முறைப்படி சூடாக்கிய பின்னரே செய்தல் வேண்டும் என்றேன். உடனே மூதாட்டி ஒருவர், "தலைமுறை தலைமுறையாக ஆட்டுப்பால் குடிக்கிறோமே, யாருக்கு என்ன வந்தது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குரிய விடையே இக்கட்டுரை.

நம் இல்லங்களில் பாலைப் பொங்கக் காய்ச்சி அருந்துவதே பெருவழக்கு. அந்தச் சூட்டில் நோய்க் கிருமிகள் மடிந்துவிடுகின்றன. ஆகவே இதுவரை நம்மைக் காத்தது ஆட்டின் தூய்மையன்று, அடுப்பின் நெருப்பேயாகும். பாலாடைக் கட்டியின் நிலை வேறு. வாங்கியவர் அதைக் காய்ச்சுவதில்லை, அப்படியே உண்கிறார். எனவே செய்பவர் வைக்கும் சூடே அதற்கு முதலும் முடிவுமான காவல்.

காவல் தவறினால் நேர்வது என்ன என்பதற்கு மால்டா தீவின் வரலாறு சான்று. மத்தியதரைக் கடலிலுள்ள அத்தீவில் தங்கியிருந்த பிரிட்டிஷ் படைவீரர்கள் நெடுநாள் நீடிக்கும் ஒருவகை ஜுரத்தால் வருந்தினர். அதற்குக் காரணமான கிருமியை டேவிட் புரூஸ் என்னும் இராணுவ மருத்துவர் 1887இல் அறிவித்தார். அது எவ்வழியே பரவுகிறது என்பது மட்டும் பல ஆண்டுகள் விளங்கவில்லை. 1905இல் தெமிஸ்டோக்ளிஸ் சம்மித் என்னும் அத்தீவு மருத்துவர் ஆடுகளின் இரத்தத்தைச் சோதித்து, அவையே நோயைத் தாங்கி நிற்பதைக் கண்டார். மறு ஆண்டு படையினருக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டதும் ஜுரம் வெகுவாகக் குறைந்தது. அந்த ஆடுகள் பார்வைக்கு நலமாகவே இருந்தன என்பதை அங்கத்தினர் மறத்தலாகாது. புரூசெல்லா எனப்படும் அக்கிருமி நம் நாட்டுக் கால்நடைகளிலும் உண்டு.

பாஸ்டர் முறை என்பது பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1860களில் திராட்சை மது கெடாதிருக்கக் கண்ட முறையாகும். பாலுக்கு அதன் அளவு, 63 டிகிரி சென்டிகிரேடில் 30 நிமிஷம். இயந்திர வசதியுள்ள பண்ணைகளில் 72 டிகிரியில் 15 விநாடி. இவ்வளவுகள் மனம்போல வகுக்கப்பட்டவை அல்ல. அமெரிக்காவில் 143 டிகிரி பாரன்ஹீட்டாக இருந்த அளவு, ஆடு மாடுகளிலிருந்து பரவும் கியூ ஜுரக் கிருமி அதற்குத் தப்பிவிடுவது தெரிந்ததும், 1956இல் 145 ஆக உயர்த்தப்பட்டது. இரண்டு டிகிரிக்கும் பொருள் உண்டு.

அப்படியாயின் பொங்கவே காய்ச்சிவிடலாமே எனலாம். மிகுந்த சூட்டில் பாலின் புரதங்கள் மாறுபடுவதால் ரென்னட் இட்டாலும் கட்டி சரியாக இறுகாது. ஆட்டுப்பாலின் தயிர்க்கட்டி இயல்பிலேயே மென்மையானது. ஆகவே நட்டம் மேலும் மிகும். கிருமி மடியவும் பால் கெடாதிருக்கவும் அமைந்த நடுவழியே 63 டிகிரி.

சிறிய அளவில் செய்வோர் கவனிக்க வேண்டியவை:

1. மடிநோய் கண்ட ஆட்டின் பாலையும், குறைமாதத்தில் குட்டி வீசிய ஆட்டின் பாலையும் சேர்க்கலாகாது. சில கிருமிகள் பாலில் விட்ட நஞ்சு பின்னர் எவ்வளவு சூடாக்கினாலும் அழியாது.

2. பால் பாத்திரத்தை நேரே தீயில் வையாமல், வெந்நீர் நிறைந்த பெரிய பாத்திரத்துள் வைத்து, இடைவிடாது கிளறுக.

3. வெப்பமானி பாத்திரத்தின் அடியைத் தொடலாகாது. பால் முழுதும் 63 டிகிரியை எட்டிய பின்னரே 30 நிமிஷத்தைக் கணக்கிடுக. அடுப்பு மூட்டிய நேரத்திலிருந்து அன்று. இடையில் சூடு தாழ்ந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்குக.

4. முடிந்தவுடன் விரைவாக ஆற்றி, ஏறத்தாழ 30 டிகிரிக்கு வந்ததும் உறையும் ரென்னட்டும் இடுக. பாலைச் சேமிப்பதாயின் 4 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும்.

5. பச்சைப்பால் பட்ட கரண்டி, துணி, கை எதுவும் சூடாக்கிய பாலில் படலாகாது. பெரும்பாலோர் தவறுமிடம் இதுவே.

6. தேதி, பாலின் அளவு, சூடு, தொடங்கிய நேரம், முடிந்த நேரம் ஆகியவற்றை அன்றன்றே பதிவேட்டில் எழுதுக.

சட்டமும் இதையே கூறுகிறது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006இல் இயற்றப்பட்டது. அதன்கீழ் வந்த 2011ஆம் ஆண்டின் விதிகள், பாலாடைக் கட்டிக்குரிய பால் குறைந்தது பாஸ்டர் முறைக்குச் சமமாகவேனும் சூடாக்கப்பட்டிருத்தல் வேண்டும் என வகுத்தன. விற்பனைக்கு முன் பதிவோ உரிமமோ பெறுதலும் அவசியம். பச்சைப்பாலில் இயற்கையாக உள்ள பாஸ்பட்டேஸ் என்னும் பொருள் இச்சூட்டில் அழிந்துவிடும். சோதனையில் அது தென்பட்டால் சூடு போதவில்லை என்பது வெளிப்படும். ஆகவே வாய்ச்சொல் உதவாது.

வெப்பமானி வாங்க இப்போது இயலாதோர் மனம் தளர வேண்டுவதில்லை. பாலைப் பொங்கக் காய்ச்சி, எலுமிச்சைச் சாறு விட்டுத் திரித்துப் பன்னீர் செய்யலாம். அதற்கு ரென்னட் வேண்டா, காய்ச்சுவதும் கேடன்று.

பாவில் ஓரிழை அறுந்தாலும் சேலையின் பழுது நெய்தவரோடு நிற்பதில்லை. சங்கத்தின் முத்திரைக்கே இழுக்காகும் என்பதை நெசவாள அங்கத்தினர் அறிவர். பாலிலும் அவ்வாறே. பலர் கறந்த பால் ஒன்றாகக் கலக்கும் இடத்தில் ஒருவரின் அசட்டை அனைவரையும் சாரும். அங்கே கெடுவது துணியன்று, ஒரு குழந்தையின் உடல்நலம். ஆதலின் பாலாடைக் கட்டி செய்ய விழையும் அங்கத்தினர், முதற்செலவாக நல்ல வெப்பமானி ஒன்றை வாங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.